கடைமடையிலிருந்து உரோமைக்கு

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்து நாம் இல்லத்திற்குத் திரும்பியபோது, நமது பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் பெற்றோருடன் திண்ணையில் காத்திருந்தாள். வேளாண்மைக் கல்வியில் பட்டம் பெற்றவள். மேற்படிப்பிற்கு இத்தாலி நாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. ஆசீர் பெற்றுச் செல்ல வந்திருந்தாள். நாமும் ஒரு காலத்தில் அந்நாட்டில் பயின்றவர் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டாள்.

"சாமி, வாரமெல்லாம் படிப்பு இருக்கும். சனி, ஞாயிறுல அங்க என்ன செய்றது?"

அவள் தந்தை குறுக்கிட்டார். "அது கெடக்கட்டும் சாமி. சோறு கெடைக்குமா? அதச் சொல்லுங்க."

இரண்டும் நல்ல கேள்விகளே. அன்று அரைமணி நேரத்தில் ஏதோ விடை கூறி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டோம். ஆயினும் அவர்கள் சென்ற பின்னர், சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்னும் எண்ணம் நம்மை வருத்தியது. நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் பலர் அயல்நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் இந்நாளில், அது ஒரு வீட்டாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஆதலால் இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

மொழி கற்ற மூன்று மாதங்கள்

1998ஆம் ஆண்டு கோடையில் நாம் இத்தாலிக்குச் சென்றோம். அப்போது நமக்கு முப்பது வயது நிறையவில்லை. கீழ்வேளூர் வட்டாரத்துக் கடைமடைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, நாகைக்கும் தஞ்சைக்கும் அப்பால் குருமடத்தை மட்டுமே அறிந்திருந்த நமக்கு, வானூர்தியில் ஏறியதே பெரும் வியப்பு. தாயார் கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், பெட்டிக்குள் சிந்தி, புதிய வெள்ளை அங்கியில் பாதியை மஞ்சளாக்கிவிட்டது. அந்த மணத்தோடுதான் நாம் அந்நாட்டு மண்ணில் கால்வைத்தோம்!

உரோமைக்குப் படிக்கவரும் அயல்நாட்டுக் குருக்களில் பலர் முதலில் பெருஜா நகரில் மொழி கற்பது வழக்கம். அங்கே 1921ஆம் ஆண்டில் தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்த 'அயல்நாட்டவர் பல்கலைக்கழகம்' ஒன்று இருக்கிறது. குன்றின் உச்சியில் அமைந்த நகரம்; எங்கு செல்லவும் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். வரப்பைத் தவிர வேறு மேட்டைக் கண்டிராத நம் கால்கள் முதல் வாரத்தில் பட்ட பாட்டைக் கூறவும் வேண்டுமோ?

மொழியோ அதனினும் செங்குத்தானது. 'பெஸ்கா' என்றால் பீச் என்னும் பழம். 'பெஷ்ஷே' என்றால் மீன். உணவின் முடிவில் பழம் கேட்ட நமக்கு, பரிமாறிய அம்மையார் சிறிது யோசித்துவிட்டு, ஒரு துண்டு மீனைக் கொண்டுவந்து வைத்தார். மரியாதைக்காக அதையும் உண்டோம்.

வகுப்பில் ஒரு நாள் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேச வேண்டியிருந்தது. "எங்கள் குடும்பம் வேளாண்மைக் குடும்பம், நாங்கள் நெல் விளைவிக்கிறோம்" என்று நாம் கூறினோம். பிரேசில் நாட்டு மாணவர் ஒருவர், "எத்தனை எக்டேர் நிலம்?" என்று ஆர்வத்தோடு கேட்டார். "அதிகமில்லை" என்றோம். உண்மையில் நமக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. தந்தையார் பண்ணையாளாக இருந்தவர். தாயார் கூலிக்கு நாற்று நட்டவர். "அதிகமில்லை" என்ற அச்சிறு சொல் பொய்யன்று என்று நம் மனச்சான்றிடம் அன்றிரவு வாதாடினோம். மனச்சான்று ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. இச்செய்தியை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

பெருஜாவில் கிடைத்த முதல் சனிக்கிழமையன்றே அசிசி நகருக்குப் புறப்பட்டோம். இரயிலில் அரைமணிப் பயணம். ஐந்து காயப் பிரான்சிஸ்குவின் ஊரைக் காணப்போகிறோம் என்னும் பேரார்வத்தோடு சென்ற நம்மை வரவேற்றவை சாரக்கட்டுகளே. முந்திய ஆண்டு, 1997 செப்டம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பேராலயத்தின் மேற்கோவில் விதானம் இடிந்து நால்வர் உயிரிழந்தனர். எழுநூறு ஆண்டுப் பழமையுடைய சுவரோவியங்கள் தூளாகி விழுந்தன. அத்துகள்களைத் தட்டுகளில் பரப்பி, நிறம் பார்த்து, வடிவம் பார்த்து, ஒன்றோடொன்று பொருத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு நவம்பரில் மேற்கோவில் மீண்டும் திறக்கப்பட்டபோது நாம் சென்று கண்டோம். ஓவியங்களில் ஆங்காங்கே வெற்றிடங்கள் இருந்தன. கிடைக்காத பகுதிகளைப் புதிதாக வரைந்து நிரப்பி ஏமாற்றாமல் விட்டிருந்தார்கள். அந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

உரோமையில் ஒரு நாள்

அக்டோபரில் உரோமை வாழ்க்கை தொடங்கிற்று. திபேர் ஆற்றின் மேற்கே, வத்திக்கானை நோக்கியிருக்கும் ஜானிக்குலம் குன்றின் மேல், 1627ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் உர்பான் நிறுவிய கல்லூரியிலிருந்து வளர்ந்த ஊர்பானியப் பல்கலைக்கழகம் உள்ளது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களே அங்கு மிகுதி. தமிழ் வளர்த்த அருட்தந்தை தனிநாயகம் அடிகளார் 1934 முதல் 1939 வரை பயின்றதும் இங்கேதான்.

காலையில் திருப்பலி, பின்னர் ஒரு கிண்ணம் பால்காப்பியும் ரொட்டியும், நண்பகல் வரை வகுப்புகள், ஒரு மணிக்கு உணவு, சிறு துயில், அதன்பின் நூலகம், இரவு செபம், உணவு. இதுவே அன்றாட ஒழுங்கு. தேர்வுகளில் பல வாய்மொழித் தேர்வுகள். ஓராண்டுப் பாடம் முழுவதையும் பேராசிரியர் முன் அமர்ந்து பத்து நிமிடத்தில் ஒப்பிக்க வேண்டும். எழுதினால் அழித்து எழுதலாம். வாயைவிட்டு வெளியேறிய சொல்லை அழிப்பது எங்ஙனம்?

இனி, அந்தத் தந்தை கேட்ட சோற்றுக்கு வருவோம். முதல் நாள் மதிய உணவில் 'பாஸ்தா' எனப்படும் மாவுப் பண்டம் வந்தது. அதுவே முழு உணவு என்று கருதி இருமுறை வாங்கி வயிறாற உண்டோம். அது முதற் பந்திதான் என்பதும், இறைச்சியும் காய்களும் இனிமேல்தான் வரும் என்பதும் தட்டை எடுத்தபோதுதான் விளங்கின. அரிசி உணவும் வாரம் ஒருமுறை உண்டு. ஆனால் அவர்கள் சோற்றை நடுவில் ஒரு 'கடி' இருக்கும்படியாகவே இறக்கிவிடுகிறார்கள். தஞ்சைத் தரணியில் அது வேகாத சோறு! நம் வீட்டில் அப்படி வடித்தால் அன்றைக்கு அடுப்படியில் சண்டைதான். சனிக்கிழமைகளில் இரயில் நிலையத்தை அடுத்த விக்டோரியோ சதுக்கச் சந்தைக்குச் சென்று, மிளகாய்த்தூளும் பருப்பும் புளியும் வாங்கிவந்து, தமிழ்க் குருக்கள் நால்வர் கூடி இரசம் வைத்த நாள்கள் நமக்குத் திருநாள்களாயிருந்தன.

பணமோ லீரா. ஒரு காப்பிக்கு ஆயிரத்துக்கு மேல் எண்ணிக் கொடுக்க வேண்டும். கையில் ஆயிரக்கணக்கில் தாள்கள் இருப்பதால் செல்வந்தர் என்னும் மயக்கம் முதல் வாரத்தில் வரும்; இரண்டாம் வாரத்தில் தெளியும். 1,500 லீராவுக்கு ஒரு பேருந்துச் சீட்டு வாங்கினால் எழுபத்தைந்து நிமிடம் செல்லும். அதை மிச்சம் பிடிக்கவே நடக்கத் தொடங்கினோம். அந்தச் சிக்கனமே உரோமையை நமக்குக் காட்டியது.

சனிக்கிழமை நடை

உரோமையில் படிக்கும் குருவுக்குச் சனிக்கிழமை முழுவதும் தனக்கே உரியதன்று. ஊரிலிருந்து யாராவது திருப்பயணிகள் வந்திருப்பார்கள். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். புனித இராயப்பர் சதுக்கத்தின் தூண்கள் 284 என்பதையும், மேலே நிற்கும் சுரூபங்கள் 140 என்பதையும், கோபுர உச்சிக்குப் படிகள் 551 என்பதையும் எத்தனை முறை ஒப்பித்திருப்போமோ, கணக்கில்லை. ஒருமுறை நகரப் பேருந்து ஒன்றில், "திருடர்கள் உண்டு, கவனமாயிருங்கள்" என்று பயணிகளை எச்சரித்துக்கொண்டிருந்தபோதே நம் சட்டைப்பையில் இருந்த பணம் போய்விட்டது. பிறருக்குப் போதிப்பவன் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

தனியே கிடைத்த நாள்களில் ஏழு ஆலயத் திருநடையை மேற்கொள்வோம். பதினாறாம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி மக்களைப் பாட்டும் செபமுமாய் அழைத்துச் சென்ற வழி அது. இராயப்பர் ஆலயத்தில் தொடங்கி, மதிலுக்கு வெளியே சின்னப்பர், செபஸ்தியார், இலாத்தரன் அருளப்பர், திருச்சிலுவை, லவுரேஞ்சியார் ஆலயங்களைத் தரிசித்து, மரியன்னைப் பேராலயத்தில் முடிப்பது மரபு. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஒரு பகல் முழுதும் வேண்டும். பாதியில் கி.மு. 312இல் போடத்தொடங்கிய அப்பியா நெடுஞ்சாலையின் கருங்கற்கள் காலுக்குக் கீழே வரும். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை வரும் நம் மக்களை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம். அவர்களுக்காவது வழிநெடுக மோர்ப்பந்தல் உண்டு!

மோர்ப்பந்தல் இல்லாவிடினும் தண்ணீருக்குக் குறைவில்லை. உரோமைத் தெருக்களில் 1874 முதல் நிறுவப்பட்ட இரும்புக் குடிநீர்க் குழாய்கள் இரண்டாயிரத்திற்கு மேல் உள்ளன. வளைந்த மூக்குப்போன்ற குழாயிலிருந்து தண்ணீர் ஓயாது ஒழுகிக்கொண்டிருக்கும். முனையை விரலால் அடைத்தால், மேலிருக்கும் சிறு துளை வழியே பீறிட்டு நேரே வாய்க்கு வரும். பழைய உரோமையர் பதினொரு பெருங்கால்வாய்களால் மலைநீரைக் கொண்டுவந்தனர். கி.மு. 19இல் கட்டப்பட்ட அவற்றுள் ஒன்றன் நீரே இன்றும் புகழ்பெற்ற திரேவி நீரூற்றில் விழுகிறது. பயணிகள் அங்கே காசு எறிந்து மகிழ்வார்கள். நாமோ அத்தண்ணீரைப் பார்த்தபடி நிற்போம். மேட்டூரில் திறந்த நீர் கல்லணை கடந்து, வெண்ணாற்றுக் கிளைகளில் பிரிந்து, மதகு மதகாய்க் காத்திருந்து, கடைசியில் நம் கீழ்வேளூர்ப் பகுதியின் வாய்க்காலுக்கு வரும் நாளில், ஊர்ப் பிள்ளைகள் அதன் நுரைமுகத்தோடு கூடவே ஓடுவார்களே, அந்தக் காட்சி கண்முன் வரும். கடைமடையில் பிறந்தவனுக்கு, கேட்பாரின்றி ஒழுகும் தண்ணீரைக் காண மனம் பொறுப்பதில்லை.

ஞாயிறுகளில் நண்பகல் மூவேளைச் செபத்திற்குச் சதுக்கத்தில் கூடுவோம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முதுமையால் தளர்ந்திருந்தார். ஆயினும் அந்த மேல்மாடிச் சாளரத்தில் தோன்றத் தவறமாட்டார். 1999ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவில் அவர் யூபிலி ஆண்டின் புனித கதவைத் திறந்த காட்சியையும் கண்டோம்.

ஆனைமங்கலம் கிடைத்த இடம்

மழை பெய்யும் சனிக்கிழமைகளை நூலகம் விழுங்கிவிடும். பாடநூலைத் தேடிச்சென்று வேறொன்றைக் கண்டுபிடிப்பதே நூலகத்தின் இன்பம். இயேசு சபைத் துறவி அந்தாம் தெ ப்ரொயென்சா இயற்றி, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகளார் 1954இல் கண்டறிந்த வரலாற்றை இங்கேதான் படித்தோம்.

மற்றொரு நாள் ஒரு பழைய ஆய்வேட்டில் 'ஆனைமங்கலம்' என்னும் பெயரைக் கண்டு திடுக்கிட்டோம். நம் கீழ்வேளூர் வட்டத்து ஆனைமங்கலமே! நாகையில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, சிவநெறிச் செல்வனாகிய இராசராச சோழன் அவ்வூரை அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் இருபத்தொன்று ஒல்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. நாம் மாணவராயிருந்த அக்காலத்தில் அவை அங்கேதான் இருந்தன. நாம் சிறுவனாய் ஆடு தேடித் திரிந்த ஊரின் பெயரை அறிய, ஏழு கடல் தாண்டி வரவேண்டியிருந்தது. அயல்நாட்டுக் கல்வியின் பெரும் பயன் அயல்நாட்டை அறிவதன்று, சொந்த ஊரை அறிவதே என்று அப்போது தோன்றிற்று.

கப்பலேறிய இரயில்

இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்கு இரவு இரயிலில் சென்றோம். அதிகாலையில் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. ஆனால் தரை அசைந்தது. மெசீனா நீரிணையைக் கடக்க, இரயில் பெட்டிகளையே கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றிவிடுகிறார்கள்! பெட்டியிலிருந்து இறங்கி மேல்தளம் சென்று கடற்காற்று வாங்கினோம். பாம்பனுக்குப் பாலம் கட்டிய நம் மக்களுக்கு இது புதுமையே.

பலெர்மோவில் யாழ்ப்பாணத் தமிழர் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 1983க்குப் பின்னர் ஈழத்தின் துயரம் உலகெங்கும் சிதறடித்த மக்களில் அவர்களும் ஒரு பகுதியினர். பெரும்பாலோர் வீட்டுவேலை செய்து பிழைப்பவர்கள். ஞாயிறுதோறும் அவர்களில் பலர் நகரையொட்டிய பெல்லெகிரினோ மலைமேல் ஏறி, புனித ரொசாலியாவின் குகைக்கோவிலுக்குச் செல்கிறார்கள். 1624இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் நகரைக் காத்தவராக அந்நகர மக்கள் போற்றும் புனிதை அவர். மலையேறும் தமிழரில் இந்துக்களே மிகுதி. பூவும் மெழுகுதிரியும் ஏந்தி நின்ற ஒரு தாய், "எங்களுக்கு இவதான் துணை, சுவாமி" என்றார். கோவிலைப் பராமரிப்பவர்களோ அவர்களை அன்போடு வரவேற்றனர். வேளாங்கண்ணியில் எல்லாச் சமயத்தாரும் தோளோடு தோள் நிற்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு, அது அந்நிய மலையாகவே தோன்றவில்லை.

நெல் விளையும் நாட்டில்

2000ஆம் ஆண்டின் புனித வாரத்தில், வட இத்தாலியின் வெர்செல்லி வட்டாரத்துச் சிற்றூர்ப் பங்கொன்றில் உதவி செய்ய அனுப்பப்பட்டோம். பெரிய வியாழனுக்கு முன்னாள் இரயில் அந்தச் சமவெளியில் நுழைந்தது. சாளரத்தின் வழியே பார்த்த நாம் இருக்கையை விட்டு எழுந்துவிட்டோம். இருபுறமும் வரப்புகள், வரப்புகளுக்கிடையே தேங்கிய நீர், நீரில் வானம், ஓரத்தில் கொக்குகள். தொலைவில் பனி மூடிய ஆல்ப்சு மலை மட்டும் இல்லாவிடில், இது திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் இடைப்பட்ட நிலமே என்று சத்தியம் செய்திருப்போம்!

ஐரோப்பாவில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலி. அதன் களஞ்சியம் இந்த வெர்செல்லிப் பகுதி. போ ஆற்று நீரை வயல்களுக்குக் கொண்டுவரும் காவூர் கால்வாய், எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 1863இல் தொடங்கி 1866க்குள் வெட்டி முடித்தார்கள். குளிர்நாடாகையால் ஆண்டுக்கு ஒரே போகம். வசந்தத்தில் விதைத்து, செப்டம்பர், அக்டோபரில் அறுக்கிறார்கள். இரவுக் குளிரிலிருந்து முளையைக் காக்கவும் வயலில் நீர் நிறுத்துகிறார்கள். தண்ணீரே அங்கே பயிருக்குப் போர்வை.

வயல்களில் ஆள்களைக் காணோம். இயந்திரம் விதைக்கிறது, இயந்திரம் அறுக்கிறது. "முன்பு யார் நட்டார்கள்?" என்று பங்குத்தந்தையிடம் கேட்டோம். "அதை இவரிடம் கேளுங்கள்" என்று, கோவிலில் பீடத்துக்குப் பூ அலங்கரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைக் காட்டினார். ஊரார் அவரை 'நோன்னா', அதாவது பாட்டி, என்றே அழைத்தனர்.

அவர் ஒரு 'மொண்டீனா'. நாற்று நட்டும் களையெடுத்தும் உழைத்த பெண்களுக்கு அங்கே அப்பெயர். மே, ஜூன் மாதங்களில் ஏழை ஊர்களிலிருந்து பல்லாயிரம் பெண்கள் இரயிலேறி வருவார்கள். ஏறத்தாழ நாற்பது நாள் வேலை. முழங்கால் அளவு நீரில், வெறுங்காலோடு, முதுகை வளைத்து, பின்னோக்கி நகர்ந்தபடி நடுவார்கள். கொசுக்கடி ஒருபுறம், அட்டைக்கடி மறுபுறம். வரப்பில் கண்காணி நிற்பான். பேசக்கூடாது, ஆனால் பாடலாம். ஆகவே சொல்ல வேண்டியவற்றையெல்லாம் பாட்டாகப் பாடினார்கள். கூலியில் ஒரு பகுதி அரிசி: நாளொன்றுக்கு ஒரு கிலோ. 1906ஆம் ஆண்டில் வெர்செல்லிப் பெண்கள் போராடித்தான் எட்டுமணி நேர வேலையைப் பெற்றனர். 1949இல் அவர்கள் வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு 'கசப்பு அரிசி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திரைப்படமும் வந்து புகழ்பெற்றது. 1960களில் களைக்கொல்லியும் இயந்திரமும் வந்தபின் அந்த உழைப்பு மறைந்தது.

பாட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி, "உங்கள் நாட்டிலும் நெல் உண்டா, தந்தையே?" என்றார்.

"உண்டு, அம்மா."

"யார் நடுகிறார்கள்?"

"பெண்கள்."

"உங்கள் வீட்டிலும் நடுவார்களா?"

இரண்டு ஆண்டுகளாக, "எங்கள் குடும்பம் வேளாண்மைக் குடும்பம்" என்று சொல்லிவந்த வாய் அங்கே அடைத்துக்கொண்டது. அந்த மூதாட்டியின் விரல்களைப் பார்த்தோம். நுனி தடித்து, மூட்டுகள் புடைத்து, சற்றே உள்வளைந்த விரல்கள். அவை நம் தாயின் விரல்கள்.

"என் தாய் நடுகிறார், அம்மா. எங்களுக்கு நிலமில்லை. பிறர் நிலத்தில், கூலிக்கு நடுகிறார்" என்றோம்.

பாட்டி மறுமொழி கூறவில்லை. பூக்காம்புகளை நறுக்கிய ஈரக்கையால் நம் கையைப் பற்றிக்கொண்டார், அவ்வளவே.

பாஸ்கு சனிக்கிழமை மாலையில், திருவிழிப்புச் சடங்கிற்குக் காத்திருந்த வேளையில், அவருக்கு நம் ஊர்க்கதை ஒன்றையும் சொன்னோம். கீழ்வேளூருக்கு அருகேயுள்ள கீழ்வெண்மணியில், கூலியாய் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட காரணத்தால் எழுந்த பகையில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாம் பிறப்பதற்குச் சற்று முந்திய நிகழ்ச்சி. நம் தாயார் ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவில், குடிலுக்கு முன் ஏற்றும் திரிகளோடு ஒரு திரியைத் தனியே ஏற்றிவைப்பார்; ஏன் என்று நமக்கு விவரம் தெரிந்த பின்புதான் சொன்னார். அக்கொடுமைக்குப் பின்னரே அரசு 1969இல் உழவுத் தொழிலாளருக்கு நியாயக் கூலிச் சட்டம் இயற்றியது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் அவர்தம் கணவரும் இப்பகுதியிலேயே தங்கி, நிலமற்ற பெண்களுக்கு நிலம் பெற்றுத்தர உழைத்தார்கள்.

"கிறிஸ்து பிறந்த இரவிலா?" என்று பாட்டி கேட்டார். "ஆம்" என்றோம். அன்றிரவு பாஸ்குத் திரியிலிருந்து தம் மெழுகுதிரியைப் பற்றவைத்துக்கொண்ட அவர், கையிலிருந்த மற்றொரு திரியையும் பற்றவைத்துத் தம் அருகே நட்டு வைத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

மறுநாள் பாஸ்குப் பெருவிழா விருந்து அவர் இல்லத்தில். அரிசியும் அவரையும் சேர்த்துச் சமைக்கும் 'பனிஸ்ஸா' அவ்வூரின் பெருமைக்குரிய உணவு. "உங்கள் தாய் வடிப்பதுபோல் இன்று கொஞ்சம் கூடுதலாக வேகவிட்டிருக்கிறேன், இந்த ஊரார் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்" என்று சிரித்தார். பின்னர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் அனைவரையும் நோக்கி நம்மை அறிமுகம் செய்தார்: "இவர் ஒரு மொண்டீனாவின் மகன்."

நாம் உரோமையில் பெற்ற பட்டம் சட்டமிட்ட தாளாய் இன்றும் சுவரில் தொங்குகிறது. அதைவிட உயர்ந்த பட்டம் அன்று அந்த அடுப்படியில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

அக்காலத்தில் நம் வீட்டில் தொலைபேசி இல்லை. மாதம் ஒருமுறை, முன்கூட்டியே கடிதத்தில் குறித்த ஞாயிறன்று, தாயார் நம் ஊர்ப் பங்கு இல்லத்தில் வந்து காத்திருப்பார். நாம் தொலைபேசி அட்டையின் மூலையைக் கிழித்து, பொறியில் செருகி, அழைப்போம். அட்டையிலுள்ள பணம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கும். ஆகவே "நல்லாயிருக்கியா", "நல்லாயிருக்கேன்" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். அந்த ஞாயிறன்று நாம் பாட்டியின் கதையைச் சொல்லத் தொடங்கினோம். இங்கு நண்பகல், அங்கு பிற்பகல் மூன்றரை மணி. நாற்று, சேறு, அட்டை, கண்காணி, பாட்டு என்று ஒன்று விடாமல் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பின்னர் தாயார் கேட்டார்:

"வெள்ளக்காரங்களுக்கும் இடுப்பு வலிக்குமாப்பா?"

"வலிச்சிச்சாம்மா. இப்பவும் வலிக்குதாம்."

"பாவம்" என்றார். அட்டை தீர்ந்துவிட்டது.

நம் தாயார் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. வெர்செல்லி வயலில் அன்று கண்ட வெறுமை இன்று நம் டெல்டாவிலும் பரவிவருகிறது. நேரடி விதைப்பும், நடவு இயந்திரமும், அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. முதுகொடிக்கும் உழைப்பு ஒழிவதற்காக நாம் வருந்தவில்லை. ஆனால், அந்த உழைப்பால் ஊட்டப்பட்டவர்கள் அதை மறந்துவிடக் கூடாதே என்றுதான் அஞ்சுகிறோம்.

மகளே, அன்று உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுவே. சனி, ஞாயிறுகளில் அறைக்குள் அடைந்து கிடவாதே. கைப்பேசித் திரையிலேயே ஊரைப் பார்த்துக்கொண்டும் இராதே. நட. ஆலயங்களைக் காண், நூலகத்துக்குப் போ, சந்தைக்குப் போ, முதியவர்களிடம் பேச்சுக் கொடு. நெல் வயல்களையும் போய்ப் பார்; நீ கற்கப்போகும் கலைக்கு அவை உதவும். அங்கே யாராவது உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "அதிகமில்லை" என்று மழுப்பாதே. உன் தந்தை ஒத்திக்குப் பிடித்த நிலத்தில் பயிர் செய்கிறார் என்றும், உன் தாய் நூறு நாள் வேலைக்குச் சென்று உன்னைப் படிக்கவைத்தார் என்றும் தலைநிமிர்ந்து சொல். நமக்கு அதைச் சொல்ல இரண்டாண்டுகள் ஆயின. உனக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம்.

உன் தந்தையின் கேள்விக்கும் மீண்டும் ஒரு விடை: சோறு கிடைக்கும். கூடுதலாக ஐந்து நிமிடம் வேகவை, போதும். ஊறுகாய்ப் புட்டியை மட்டும் நன்றாக மூடிக் கட்டிக்கொண்டு போ.